சங்கங்கள் சொன்னால் அரசு கேட்கிறதா?

கேள்வி: அரசின் முடிவுகளை மாற்றப் பார்க்கும் சங்கங்களை, அதாவது அழுத்தக் குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்கிறார்களே?

பதில்: பாதிதான் சரி. சட்டம் எழுதும் முன் இவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது குறைந்துவிட்டது. எழுதியதைத் திரும்பப் பெற வைக்கும் பலம் இன்னும் இருக்கிறது. மத்திய அரசின் 3 வேளாண் சட்டங்களையே பாருங்கள். 2020 ஜூனில் அவசரச் சட்டங்களாக வந்தவற்றை, மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்றத் தேர்வுக் குழுவுக்குக்கூட அனுப்பாமல் செப்டம்பரில் நிறைவேற்றினார்கள். அப்புறம் நடந்தது தெரியும். டெல்லியின் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் விவசாயிகள் டிராக்டர் டிரெய்லருக்குள் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டி, ஓராண்டுக்கு மேல் கிடந்தார்கள். டெல்லியில் அரசின் மாநாட்டு அரங்கான விஞ்ஞான் பவனில் பேச்சுவார்த்தை நடந்தபோது அரசு தந்த மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. சீக்கியர்களின் பொதுச் சமையலான லங்கரிலிருந்து வந்ததைச் சாப்பிட்டார்கள், சிலர் தரையிலேயே உட்கார்ந்து. 2021 நவம்பர் 19 அன்று சட்டங்களை வாபஸ் பெறுவதாகப் பிரதமரே அறிவித்தார்.

கேள்வி: அது முழு வெற்றிதானே?

பதில்: இல்லை. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டார்கள், அது வரவில்லை. போராட்டக் காலத்தில் 700 பேருக்கு மேல் இறந்ததாகச் சங்கங்கள் சொல்கின்றன. முதலிலேயே உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு ஆறவே இல்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் தொழிற்சங்கங்களுக்கு மதிப்பு உண்டா?

பதில்: ஆளும் அணிக்குள்ளேயே குரல் இருந்தால் உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, தி.மு.க.வின் தொழிற்சங்கமான தொ.மு.ச.வே எதிர்த்தது. 3 நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தில் வாபஸ். 2003இல், அ.தி.மு.க. ஆட்சியில், கதை வேறு. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1.7 லட்சம் பேரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. ஓர் இடம்கூடப் பெறவில்லை. அதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் குடும்பங்கள் எதையும் மறந்திருக்கவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் 30 பேர் சேர்ந்த சிறிய சங்கம். எங்களால் என்ன முடியும்?

பதில்: வரைவு நிலையிலேயே எழுதுங்கள். மத்தியச் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் வகுத்த கொள்கை இருக்கிறது. பல நேரம் மீறுகிறார்கள். மீறினால் அதையும் எழுத்தில் கேளுங்கள். 2020இல், பெரிய திட்டங்கள் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராயும் விதிகளுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கு லட்சக்கணக்கில் கடிதங்கள் போயின. அதை 22 மொழிகளில் வெளியிடச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவே இல்லை.