நேர்காணலுக்கு ஓர் எழுத்துப்படி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கணினி விளையாட்டுகளை உருவாக்கும் நம்மவர்களை, யாழ்ப்பாணத்தில் இருப்போரையும் ரொறன்ரோ, இலண்டன் போன்ற நகரங்களில் இருப்போரையும், நேர்கண்டு நண்பர்கள் சிலர் பொட்காஸ்டாக வெளியிட்டு வருகிறோம். "எனக்குக் காது கேட்காது, உங்கள் நேர்காணல்களை எழுத்தில் தர முடியுமா?" என்று அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள்வதால் தட்டச்சுச் செய்ய எங்களிடம் ஆளில்லை. பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருளை நம்பலாமா? (கொக்குவில் வாசகர்)

பதில்: செவிப்புலன் இழந்த ஒருவர் வானொலியை அனுபவிக்க முடியாது, ஆனால் கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கண்ணாலும் விரலாலும் ஆடிவிட முடியும். விளையாட்டு நிறுவனங்கள் சிலவும் இதில் அக்கறை காட்டத் தொடங்கியுள்ளன. நோட்டி டோக் நிறுவனம் உருவாக்கி 2020 இல் வெளிவந்த 'த லாஸ்ட் ஒவ் அஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகம், மாற்றுத்திறனாளிகளும் ஆடுவதற்கான 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. அப்படியிருக்க, விளையாட்டை ஆடி முடித்த ஒருவருக்கு, அதை ஆக்கியவர் அது பற்றிப் பேசும் பேச்சு மட்டும் எட்டாமற் போவது முறையன்று. உங்களுக்கு எழுதியவர் சலுகை எதனையும் கேட்கவில்லை.

எழுத்தில் வரும் நேர்காணல் ஒலியைவிடக் குறைந்தது என்று எண்ணவும் தேவையில்லை. நின்டெண்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாட்டா, 2006 இல் தொடங்கித் தம் நிறுவனத்தின் உருவாக்குநர்களோடு தாமே அமர்ந்து உரையாடி, அந்த உரையாடல்களை எழுத்து வடிவில் வெளியிட்டார். சிரித்த இடங்களில் 'சிரிப்பு' என்று அடைப்புக்குறிக்குள் குறித்திருப்பார்கள். அவர் 2015 இல் மறைந்த பின்னரும் விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் அவற்றை மேற்கோள் காட்டுவதற்கு ஒரு காரணம், அவை தேடி எடுக்கக்கூடிய எழுத்தாக இருப்பதுதான்.

இனி மென்பொருளுக்கு வருவோம். முதற்படியை ஆக்குவதற்கு மட்டும் அதை நம்பலாம். அப்பிள் நிறுவனத்தின் பொட்காஸ்ட் செயலி 2024 மார்ச்சில் தானியங்கி எழுத்துப்படியைத் தரத் தொடங்கியபோது, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம் ஆகிய மொழிகளுக்கே அந்த வசதி கிடைத்தது. தமிழுக்கு உதவக்கூடியது, ஓப்பன் ஏஐ நிறுவனம் 2022 செப்டெம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருள். அதை இலவசமாகப் பெற்று, இணைய இணைப்பின்றி உங்கள் கணினியிலேயே இயக்கலாம். ஆயினும் ஆங்கிலத்தில் அது காட்டும் திறமையைத் தமிழில் எதிர்பார்க்க முடியாது. நம் ஊர்ப் பேச்சும், நடுநடுவே விழும் ஷேடர், ஃபிரேம் ரேட் போன்ற தொழிற்சொற்களும், ஆட்பெயர்களும் சேரும்போது அது மேலும் தடுமாறும். யார் பேசுகிறார் என்பதையும் அது தானாகப் பிரித்துக் காட்டாது. இவற்றையெல்லாம்விட ஆபத்தான குறை ஒன்று உண்டு: பேச்சு நின்று இசையோ அமைதியோ தொடரும் இடங்களில், எவரும் சொல்லாத வாக்கியங்களை அது சிலவேளை தானே எழுதிவிடும். விளையாட்டின் பின்னணி இசையை நேர்காணலின் இடையில் ஒலிக்கவிடும் உங்களைப் போன்றோர் இதை மறக்கக்கூடாது. எழுத்துப்பிழையென்றால் வாசிப்பவர் கண்டுகொள்வார். சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருந்தால், ஒலியைக் கேட்க இயலாத அவர் அதைச் சரிபார்ப்பது எப்படி? ஆகவே ஒருவர் இருந்து முழு ஒலிப்பதிவையும் கேட்டு, வரிவரியாகத் திருத்தியே ஆகவேண்டும்.

பழகியவருக்கே ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சிட நான்கு மணி நேரமாவது வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. அதைக் குறைக்கும் வழி ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. பேசுவோர் ஒவ்வொருவரையும் தனித்தனிக் கோப்பாகப் பதிவுசெய்யுங்கள். சூம் செயலியிலும் இதற்கு வசதி உண்டு. விளையாட்டுகள், கருவிகள், ஆட்கள் ஆகியோரின் பெயர்களை நேர்காணல் முடிந்த கையோடு உருவாக்குநரிடமே எழுதி வாங்கிவிடுங்கள். இவ்வளவு செய்தும் நேரம் போதவில்லையானால், மாதத்துக்கு ஒரு நேர்காணலைக் குறைத்து, வெளிவருவதை எழுத்துப்படியோடு வெளியிடுவதே சரி என்பேன்.

கேள்வி: தம்பி நடத்தும் பொட்காஸ்டுக்கு நான்தான் எழுத்துப்படி தயாரிக்கிறேன். பேசியதைப் பேசியவாறே எழுதுவதா, எழுத்துத் தமிழாக்குவதா? சிரிப்பு, இசை முதலியவற்றையும் எழுத வேண்டுமா? (பருத்தித்துறை வாசகி)

பதில்: இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பேசுபவரின் குரல் எழுத்திலும் தெரிய வேண்டும். அதேவேளை, சைகை மொழியை முதல் மொழியாகக் கொண்டு, கைதடி நவீல்ட் போன்ற பாடசாலைகளில் பாடநூல்வழி தமிழ் கற்ற ஒருவருக்கு, 'வேணுமெண்டு', 'நிண்டு' போன்ற வடிவங்கள் கண்ணுக்குப் பழக்கமற்றவையாக இருக்கக்கூடும். வாக்கியத்தின் போக்கைப் பேசியபடியே விட்டு, சொற்களை மட்டும் பெரும்பாலும் அறிமுகமான எழுத்து வடிவில் தருவதே என் வழி. நானாகப் புனைந்த ஒரு துண்டைப் பாருங்கள்:

நேர்கண்டவர்: இந்தக் கட்டத்தில் இசையை ஏன் நிறுத்தினீர்கள்?
உருவாக்குநர்: அது வேண்டுமென்று செய்ததில்லை. (சிரிக்கிறார்) அந்த இடத்தில் ஒரு பக் இருந்தது, இசை தானாக நின்றுபோகும். விளையாடிப் பார்த்த ஆக்கள் எல்லாம் இந்த அமைதி நல்லா இருக்கு என்று சொன்னவை. அப்படியே விட்டிட்டோம்.
[விளையாட்டின் ஒலி: காற்று, தொலைவில் நாய் குரைக்கிறது]

'வந்து', 'என்னெண்டால்' போன்ற இழுவைச் சொற்களையும், தொடங்கிப் பாதியில் கைவிட்ட வாக்கியங்களையும் நீக்கலாம். தயக்கம் அப்படியன்று. இரவுபகலாக வேலை வாங்கினார்களா என்று கேட்டபோது உருவாக்குநர் சில விநாடிகள் பேசாமல் இருந்துவிட்டு "எல்லா இடத்திலும் உள்ளதுதானே" என்று சொல்லியிருந்தால், '(சற்று மௌனம்)' என்ற குறிப்பு அங்கே இருந்தாக வேண்டும். காதால் கேட்டவருக்குக் கிடைத்த செய்தி, கண்ணால் படிப்பவருக்கும் கிடைக்க வேண்டுமல்லவா? பேசியவர் பின்னர் படித்துப் பார்த்து, பெயரிலோ ஆண்டிலோ பிழை சுட்டினால் திருத்துங்கள். சொன்ன கருத்தையே மாற்றச் சொன்னால் ஒலியையும் எழுத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறொன்று என்று இருக்கக்கூடாது.

கேள்வி: பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு, பிடிஎப் ஆக வெளியிட்டால் போதாதா? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: போதாது. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள். 'க்' என்று நீங்கள் காணும் ஓர் எழுத்தின் அடியில் ஆங்கில 'எப்' எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமே இருக்கின்றன. விழிப்புலன் இழந்தோர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற, திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஒலிகளாகவே வாசிக்கும். எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக்கும் பிரெயில் காட்டியிலும் அதே குழப்பம்தான். பார்வையும் செவியும் இழந்த ஒருவருக்கு எழுத்துப்படியைத் தவிர வேறு வழியே இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யுனிக்கோடில் தட்டச்சிட்டு, ஒலி இருக்கும் அதே பக்கத்தில், துணைத்தலைப்புகளோடு சாதாரண எழுத்தாகவே இடுங்கள். ஒரு மணி நேர ஒலிக்கோப்பு பல மெகாபைட் பிடிக்கும். அதன் எழுத்துப்படி சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். டேட்டா தீர்ந்துபோகும் மாதக்கடைசியில் காது நன்றாகக் கேட்பவர்களும் அதையே திறப்பார்கள்.

கேள்வி: இதற்குச் சட்டம் ஏதும் உண்டா? (மானிப்பாய் வாசகர்)

பதில்: மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது; அதன் 21ஆம் உறுப்புரை தகவலை அணுகும் உரிமையைப் பேசுகிறது. இணைய உள்ளடக்கத்துக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல்களோ, முன்பதிவு செய்த ஒலிக்கு எழுத்து வடிவம் தருவதை மிக அடிப்படையான 'ஏ' நிலையிலேயே வைத்துள்ளன. நண்பர்கள் கூடி நடத்தும் பொட்காஸ்டின் கதவை எந்த அதிகாரியும் வந்து தட்டப்போவதில்லை என்பதும் உண்மை.

கேள்வி: ஏற்கெனவே வெளியான பழைய நேர்காணல்களை என்ன செய்வது? எதிலிருந்து தொடங்குவது? (திருநெல்வேலி வாசகி)

பதில்: முதலாவதிலிருந்து வரிசையாகத் தொடங்கினால் மூன்றாவதில் களைத்துவிடுவீர்கள். புதிதாக வருவனவற்றுக்கு இன்றிலிருந்தே எழுத்துப்படி கொடுங்கள். பழையவற்றின் பக்கத்தில், எழுத்துப்படி வேண்டுவோர் கேட்டு எழுதலாம் என்று ஒரு வரியும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இடுங்கள். தொலைபேசி எண்ணை மட்டும் இட்டுவிடாதீர்கள். யாராவது கேட்டு எழுதினால், அவர் எந்த விளையாட்டை ஆடுகிறார் என்று விசாரித்து, அதை ஆக்கியவரின் நேர்காணலை முதலில் எடுங்கள்.