சாரம் கட்டும் முன்பே பாலிசி: கட்டுமானக் காப்பீடு பற்றிய வாசகர் கேள்விகள்

மதுரையில் லேபர் கான்ட்ராக்டில் வீடு கட்டித் தருகிறேன். என் கூலித் தொகை 12 லட்சம். கம்பி, சிமெண்ட், டைல்ஸ் எல்லாம் வீட்டுக்காரரே வாங்குகிறார். அது 30 லட்சம் வரும். 12 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தால் போதுமா?

போதாது. கட்டி முடிக்கும்வரை வேலைக்கு வரும் சேதத்தை ஈடுகட்டுவது ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசி. அதில் காட்ட வேண்டியது உங்கள் பில் தொகையை அல்ல. வேலை முடியும்போது கட்டடம் என்ன மதிப்பில் நிற்குமோ அந்த முழுத் தொகையைக் காட்ட வேண்டும். வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த பொருளும் அதில் சேரும். உங்கள் கணக்கில் அது 42 லட்சம். 12 லட்சம் மட்டும் காட்டியிருக்கிறீர்கள், புயல் மழையில் 7 லட்சத்துக்குச் சேதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் அந்தச் சேதத்தில் 42-இல் 12 பங்கைத்தான் கணக்கிடுவார். கைக்கு வருவது 2 லட்சம், அதிலும் நீங்களே ஏற்க வேண்டிய ‘எக்ஸஸ்’ கழியும். பிரீமியத்தில் மிச்சம் பிடித்தவர்கள் இந்த இடத்தில்தான் உடைந்து போகிறார்கள். பாலிசியில் வீட்டுக்காரர் பெயரையும், கடன் இருந்தால் வங்கியின் பெயரையும் சேருங்கள். நடுவில் விலை ஏறினால் எழுதித் தெரிவித்துத் தொகையை உயர்த்துங்கள்.

என் ஆட்கள் எல்லோரிடமும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது. நல நிதியும் 1 சதவீதம் கட்டியாகிவிட்டது. தொழிலாளர்களுக்குத் தனிப் பாலிசி ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். வாரியம் கொடுப்பது நல உதவி. முதலாளி கொடுக்க வேண்டிய இழப்பீடு வேறு. முதலாவது கிடைத்தது என்பதற்காக இரண்டாவது குறையாது.

கணக்கைப் பாருங்கள். 30 வயது சென்ட்ரிங் தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்து இறக்கிறார். கணக்கில் எடுக்கும் மாதக் கூலி 15,000 என்றால், அதில் பாதியான 7,500-ஐ அவர் வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய். 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்தப் பெருக்கல் முறை, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. சிறிய ஒப்பந்ததாரர் ஒருவரை ஒரே நாளில் கடனாளியாக்க இந்தத் தொகை போதும்.

‘ஆல் ரிஸ்க்’ பாலிசியில் மூன்றாம் நபர் பாதுகாப்பு இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். மூன்றாம் நபர் என்றால் வேலையோடு தொடர்பில்லாத வெளியாள். உங்கள் தொழிலாளி மூன்றாம் நபர் அல்ல. குழு விபத்துப் பாலிசியும் ஈடாகாது. அது ஒரு நிலையான தொகையோடு நின்றுவிடும், சட்டப் பொறுப்பை ஏற்காது. ஊழியர் இழப்பீட்டுப் பாலிசிதான் வேண்டும். மேஸ்திரிக்கு உள்குத்தகை விட்டிருந்தால் அவர் ஆட்களும் அதில் சேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். மேஸ்திரி கைவிரித்தால் சட்டம் உங்களிடம்தான் வரும்.

இன்னொன்று. இறந்தவர் குடும்பத்திடம் அன்றே பணம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் உண்டு. மரண இழப்பீட்டை உரிய அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். கையில் கொடுத்ததைச் சட்டம் இழப்பீடாக ஏற்காது. ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதமும் வரலாம். அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் பொதுவாக ஏற்பதில்லை.

2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பலர் வெளியூரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். சைட்டில் நிற்பவர்களின் பெயர், வயது, கூலி ஆகியவற்றை ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். நாளை அந்தக் குடும்பத்துக்கு அந்த நோட்டுதான் சாட்சி.

சென்னையில் பேஸ்மென்ட் தோண்டுகிறோம். பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் பாலிசி தருமா?

தானாகத் தராது. அதிர்வாலும், மண் பிடிமானம் போவதாலும் வரும் சேதம் சாதாரண மூன்றாம் நபர் பிரிவில் விலக்கப்பட்டிருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும், கட்டடத்தின் உறுதியைக் கெடுக்காத மேல்பூச்சு விரிசலுக்குப் பொதுவாகப் பணம் வராது. முழுதாகவோ பகுதியாகவோ இடிந்தால்தான் வரும். வேலை தொடங்கும் முன் அந்த வீடு நல்ல நிலையில் இருந்தது என்பதையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆகவே பொக்லைன் சைட்டுக்கு வரும் முன்பே, பக்கத்து வீட்டுக்காரரை உடன் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படமெடுத்து, பொறியாளர் அறிக்கையில் இருவரும் கையெழுத்திடுங்கள்.

பணம் இல்லாமல் ஐந்து மாதம் வேலை நின்றுவிட்டது. பாலிசித் தேதி இன்னும் முடியவில்லை. மழையில் சேதமானால் கிடைக்குமா?

சிக்கல்தான். வேலை நின்ற காரணத்தால் வரும் சேதம் விலக்குப் பட்டியலில் உண்டு. இன்றே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, நின்ற காலத்துக்கும் பாதுகாப்பைத் தொடர எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். காலநீட்டிப்பையும் தேதி முடிவதற்குள் கேளுங்கள்.

சொந்தப் பொக்லைன் வைத்திருக்கிறேன். வண்டிப் பாலிசி இருக்கிறது. போதுமா?

சாலையில் ஓடும்போது போதும். மண் தோண்டும்போது கவிழ்ந்தால்? அதற்கான கூடுதல் பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்காமல் இப்போதே சேருங்கள்.

வீட்டை ஒப்படைத்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது பீமில் விரிசல். ‘ஆல் ரிஸ்க்’ பாலிசியில் கேட்கலாமா?

முடியாது. ஒப்படைத்த அன்றே, அல்லது ஆட்கள் குடியேறிய அன்றே அந்தப் பாதுகாப்பு முடிந்துவிட்டது. பராமரிப்புக் காலத்துக்கென்று தனியாகச் சேர்த்திருந்தாலும் அதில் குறிப்பிட்ட மாதங்கள்வரைதான். ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவான திட்டமாக இருந்தால், கட்டமைப்புக் குறையை ஐந்து ஆண்டுவரை கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.