தலை தீபாவளியும் கூடுதல் மாத்திரையும்

கேள்வி: வயது 31. திருமணமான பிறகுதான் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை எடுக்கிறேன். மனைவியைத் தவிர அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. மச்சினியின் நிச்சயதார்த்த விருந்தில் இனிப்பைத் தட்ட முடியாமல் சாப்பிட்டுவிட்டு, இரவு ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டேன். விடியற்காலையில் வியர்வை, நடுக்கம், படபடப்பு. அஜீரணம் என்று இனிப்பு சோடா குடித்ததும் சரியாயிற்று. தலை தீபாவளிக்கு அங்கே மூன்று நாள் தங்க வேண்டும். பாதம் எரிகிறது, முடி கொட்டுகிறது, கிட்னி போய்விடும் என்று இணையத்தில் படித்தேன். மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டான் என்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அன்று வந்தது அஜீரணம் இல்லை, லோ சுகர். சோடாவில் இருந்த சர்க்கரைதான் உங்களைக் காப்பாற்றியது.

கூடச் சாப்பிட்டால் கூட ஒரு மாத்திரை என்ற கணக்கை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கிளிமிபிரைடு கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. அதன் வேலை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நீடிக்கும். லட்டு நள்ளிரவுக்குள் செரித்துவிடும். மாத்திரை நீங்கள் தூங்கும்போதும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இதைத் தீபாவளியன்று மறுபடி செய்தால் ஆபத்து. அதிகாலையில் எண்ணெய்க் குளியல், அப்புறம் பட்டாசு, அதன் பிறகுதான் சாப்பாடு என்று நேரம் இழுக்கும். அதனால் இலை போட்ட பிறகே மாத்திரை, அதுவும் மருத்துவர் எழுதிய அளவு மட்டும். மைத்துனர்கள் மதுவுக்குக் கூப்பிட்டால் போகவே வேண்டாம். மது சர்க்கரையை இன்னும் இறக்கும். நீங்கள் தள்ளாடினால் போதை என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள்.

வியர்த்து நடுங்கினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு சாப்பாடு. மைசூர்பாகு இதற்கு உதவாது, நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். இந்த மாத்திரையால் வந்த லோ சுகர் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்பதால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108. இது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது, அது அவருடைய அம்மா வீடு. நீங்கள் விழும் நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார்களோ!

ஆகவே சொல்லித்தான் ஆக வேண்டும். பண்டிகைக் காலையில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் பட்டிமன்றம் ஆகிவிடும். ஒரு வாரம் முன்பே, போனில், மனைவி அவர் அம்மாவிடம் சொல்லட்டும். மாமனாரிடம் நீங்கள் பேசுங்கள். முதல் பரிசோதனை அறிக்கையில் தேதி இருக்கிறது, மறைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னும் ஒரு வருடம் ஒளித்தால்தான் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுப்பீர்கள்.

புது மாப்பிள்ளை “வேண்டாம்” என்றால் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு இரண்டாகப் பரிமாறுவார்கள். காலையில் ஓர் அதிரசத்தை நீங்களே கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், இட்லியில் ஒன்றைக் குறையுங்கள். பிறகு “அத்தை, இன்றைக்கு என் பங்கு முடிந்தது” என்று இலையைக் கையால் மறைத்துவிடுங்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஓர் அதிரசத்தால் கெடாது. நாட்டுச்சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று ஒரு பெரியப்பா வருவார். அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஆனால் அவரிடம் வாதாட வேண்டாம், சாப்பிடாமல் இருந்தால் போதும்.

முடியை விடுங்கள். கிட்னிக்கு வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்தால் போதும், இரவில் இணையத்தைத் தோண்டுவதை நிறுத்துங்கள். பாத எரிச்சலைக் காட்டுங்கள். அதுவரை பட்டாசு வெடித்த தெருவில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரைப் பார்த்து அந்த விடியற்காலை நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கூடுதல் மாத்திரை போட்டதையும் சேர்த்து.