எத்தனை நாள் இரண்டாம் விமானமாகவே பறப்பது?

கேள்வி: டிசிஎஸ் என்ற கணினி விமானச் சிமுலேட்டரில் எஃப்/ஏ-18சி ஹார்னெட் விமானத்தை ஒரு வருடமாகத் தனியாக ஓட்டிப் பழகியிருக்கிறேன். பகலில் கேரியரில் (விமானந்தாங்கிக் கப்பலில்) இறங்கிவிடுவேன். அமெரிக்கக் கடற்படை முறைப்படி பறக்கும் ஒரு விர்ச்சுவல் ஸ்குவாட்ரனில் (இணையத்தில் சேர்ந்து பறக்கும் குழுவில்) சேர விண்ணப்பித்தேன். அடுத்த வாரம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரேடியோவில் ஆங்கிலத்தில் பேச எனக்கு நாக்கு எழவில்லை. என்னோடு பழக ஆரம்பித்த நண்பர் வேறொரு குழுவில் நான்கே மாதத்தில் செக்‌ஷன் லீட் (இரண்டு விமானங்களை நடத்துபவர்) ஆகிவிட்டார். நான் எத்தனை நாள் விங்மேனாகவே, அதாவது லீடரைப் பின்தொடரும் இரண்டாம் விமானமாகவே, இருக்க வேண்டியிருக்கும்? வேலை, குழந்தைகள் என்று இருக்கும் எனக்கு இது சரிப்படுமா?

பதில்: சேர்த்துக்கொள்வார்கள், கவலைப்படாதீர்கள். பகலில் கப்பலில் இறங்கத் தெரிந்து, சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்னதைக் கேட்டுக்கொள்கிற ஆள் கிடைத்தால் எந்தக் குழுவும் விடாது. அந்த முதல் பேச்சில் உங்கள் திறமையை அளப்பதைவிட, மூன்று மணி நேரம் ஹெட்செட்டில் இந்த ஆளோடு குப்பை கொட்ட முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். எத்தனை விமானத்தைச் சுட்டு வீழ்த்தினீர்கள் என்று ஒப்பிக்க வேண்டாம். இரவில் இறங்கியதில்லை என்றால் இறங்கியதில்லை என்றே சொல்லுங்கள். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

அங்கே நீங்களும் கேட்க வேண்டியது இருக்கிறது. வாரத்தில் எந்த நாள், ஜூலு நேரப்படி (உலகப் பொது நேரமான யுடிசிப்படி) எத்தனை மணிக்குப் பறக்கிறார்கள்? அவர்களுக்கு மாலை எட்டு மணி என்பது உங்களுக்கு விடியற்காலையாக இருந்தால், ஆசை எத்தனை இருந்தாலும் இரண்டு மாதத்தில் படுத்துவிடும். எந்த மேப், எந்த மாட்யூல் (விமானம் போன்ற தனி இணைப்பு) வாங்கியிருக்க வேண்டும்? டிசிஎஸ்ஸின் அடிப்படை இலவசம்தான். சூப்பர்கேரியர் என்ற கப்பல் இணைப்புக்கும் பல மேப்களுக்கும் தனித்தனி விலை. புதியவருக்கு யார் பாடம் எடுக்கிறார்கள், அதற்கென்று தனி நாள் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் நான் யோசிப்பேன். சேர்க்கைக் கட்டணம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சர்வர் செலவுக்கு இஷ்டப்பட்டவர்கள் பங்கு போட்டுக்கொள்வது வேறு விஷயம்.

ரேடியோவுக்கு வருகிறேன். உங்கள் பயத்துக்குக் காரணம் ஆங்கிலம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியாததுதான் நாக்கைக் கட்டுகிறது. இந்த ரேடியோப் பேச்சு சாதாரண உரையாடல் அல்ல. யாரைக் கூப்பிடுகிறேன், நான் யார், என்ன விஷயம் என்ற வரிசையில் வரும் சின்னச் சின்னத் துண்டுகள். சொல்லப்போனால் கடற்படையில் நல்ல வானிலையில், பகலில், கேஸ் ஒன் முறையில் இறங்கும்போது கூடியவரை யாரும் பேசுவதே இல்லை. ஜிப் லிப் என்பார்கள். விமானங்கள் கப்பலுக்கு மேலே வட்டமிட்டு, கீழே தளம் காலியாவதைக் கண்ணால் பார்த்து, தாங்களாக வரிசைப்படி இறங்கும். ஆக, புதியவர் முதலில் கற்கிற வேலையிலேயே பேச்சு மிகக் குறைவு.

பேச வேண்டிய ஒரு இடம் கடைசி முக்கால் மைல். கப்பலின் இடது ஓரத்தில் இருக்கும் லென்ஸில் (இறங்கும் பாதை சரியா என்று காட்டும் விளக்கமைப்பில்) விளக்குப் பந்து தெரிந்ததும் உங்கள் விமான எண், விமான வகை, பந்து தெரிகிறது, மிச்சமிருக்கும் எரிபொருள். "திரீ ஓ ஒன், ஹார்னெட் பால், ஃபைவ் பாயின்ட் டூ." ஐயாயிரத்து இருநூறு பவுண்டு இருக்கிறது என்று பொருள். எல்எஸ்ஓ (தளத்தில் நின்று இறக்கத்தை வழிநடத்தும் அதிகாரி) "ராஜர் பால்" என்பார். முடிந்தது. இதை ஹெட்செட் மாட்டாமல், வீட்டில் நடந்துகொண்டே பத்து நாள் சொல்லிப் பாருங்கள்.

கேஸ் த்ரீ, அதாவது இரவு அல்லது மேகம் ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கிய நேரம், பேச்சு கூடும். மார்ஷல் (காத்திருக்கும் விமானங்களை வரிசைப்படுத்தும் கட்டுப்பாட்டாளர்) உங்களுக்குத் திசை, தூரம், உயரம், கிளம்ப வேண்டிய நேரம் ஆகியவற்றை வரிசையாகக் கொடுப்பார். நீங்கள் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. உயரத்தை ஆயிரம் அடியில் சொல்லி அதனோடு பதினைந்தைக் கூட்டினால் தூரம் வந்துவிடும்: ஆறாயிரம் அடி என்றால் 21 மைல். காதில் சரியாக விழாவிட்டாலும் வந்த எண் சரியா என்று உங்களாலேயே சரிபார்த்துக்கொள்ள முடியும். பேனாவும் காகிதமும் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம், எஸ்ஆர்எஸ் என்ற மென்பொருளில்தான் பெரும்பாலான குழுக்கள் பேசுகின்றன. ஹார்னெட்டின் இரண்டு ரேடியோவுக்கும் ஜாய்ஸ்டிக்கில் தனித்தனிப் பொத்தான் வைத்து, விரல் தானாகப் போகிற வரை பழகுங்கள். புதியவர்கள் மாட்டுவது உச்சரிப்பில் அல்ல, தப்பான ரேடியோவில் பேசுவதிலும், இன்னொருவர் பேசும்போது குறுக்கே பொத்தானை அழுத்துவதிலும்தான். பேசும் முன் ஒரு நொடி காது கொடுங்கள். விங்மேன் பேச வேண்டியது "டூ" (இரண்டாம் விமானம், கேட்டது), "பிங்கோ" (திரும்பும் அளவுக்கே எரிபொருள் இருக்கிறது), "லீட், உன் விமானம் எரிகிறது" என்ற மூன்று மட்டுமே என்று விமானிகள் மத்தியில் ஒரு பழைய கேலி உண்டு. கேலியில் பாதிக்கு மேல் உண்மை.

"பகலில் இறங்கிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி இறங்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி. நேராகப் பத்து மைல் தூரத்திலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடிப்பதும் இறங்குவதுதான். ஸ்குவாட்ரனில் அது செல்லாது. கப்பலுக்குப் பின்னால் மூன்று மைலில் 800 அடி, 350 நாட் வேகம். தளத்தின் வலப்பக்கமாகக் கடந்து, இடது பக்கம் சட்டெனத் திரும்ப வேண்டும், இதற்குத்தான் பிரேக் (break) என்று பெயர். வேகம் குறைந்ததும் சக்கரம், ஃபிளாப். கப்பலுக்கு எதிர்த்திசையில் 600 அடியில் போகும்போது அதற்கும் உங்களுக்கும் இடையே ஒரு மைலும் கொஞ்சமும் இருக்க வேண்டும். இந்த இடத்தில் ஆங்கிள் ஆஃப் அட்டாக் (எதிர்க்காற்றோடு இறக்கை வைக்கும் கோணம்) 8.1 டிகிரியில் நின்று, ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தாலும் விமானம் அப்படியே போக வேண்டும். இங்கே இந்தச் சமநிலை, அதாவது ட்ரிம், சரியில்லாவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் சரியாக வராது. கடைசித் திருப்பம் முடிந்து இறக்கையைச் சமன் செய்ததிலிருந்து தளத்தைத் தொடும் வரை 15 முதல் 18 நொடி. அந்த நொடிகளில் பார்வை பந்து, நடுக்கோடு, ஆங்கிள் ஆஃப் அட்டாக் என்ற மூன்றுக்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தளத்தை உற்றுப் பார்த்தால் போச்சு. சக்கரம் தொட்டதும் த்ராட்டில் (விசை நெம்புகோல்) முழுக்க முன்னே. வால் கொக்கியான ஹூக் கம்பியைப் பிடிக்கவில்லை என்றால் மறுபடி ஏற அந்த விசை வேண்டும்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் எல்எஸ்ஓ மதிப்பெண் போடுவார். ஓகே என்றால் நான்கு, ஃபேர் என்றால் மூன்று, நோ கிரேடு இரண்டு, திருப்பி அனுப்பிவிட்டால் ஒன்று. கோடு போட்ட ஓகேக்கு ஐந்து, அது அபூர்வம். உண்மைக் கடற்படையில் விமானிகள் கூடும் ரெடி ரூம் சுவரில், எல்லார் கண்ணிலும் படும்படி பச்சையும் மஞ்சளுமாக ஒட்டி வைப்பார்கள். கிரீனி போர்டு என்று அதற்குப் பெயர். விர்ச்சுவல் குழுக்களும் இதை விடுவதில்லை. உங்கள் பெயருக்கு நேரே முதல் மாதம் மஞ்சளும் பழுப்புமாகத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து நொந்துபோகாமல், பக்கத்தில் எழுதும் குறிப்பைப் படியுங்கள். தொடக்கத்தில் உயரம், கிட்டே வந்ததும் தாழ்வு என்று நான்கு தடவை வந்திருந்தால், தொடக்க உயரத்தைச் சரிக்கட்டப் பவரை அளவுக்கு மீறிக் குறைக்கிறீர்கள் என்று அர்த்தம். திருத்த வேண்டியது 600 அடியில் இருக்கிறது, கடைசி நொடியில் இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். தனியாகப் பழகி வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் கேரியர் இல்லை, அணியாகச் சேர்ந்து பறக்கும் ஃபார்மேஷன்தான். தனியாக ஓட்டும்போது பக்கத்தில் இன்னொரு விமானம் இருந்ததே இல்லையே! லீடரின் விமானத்தில் இரண்டு புள்ளிகள் ஒரே கோட்டில் வரும்படி வைத்துக்கொண்டு, அவர் திரும்பும்போது நீங்களும் திரும்பி, விலகல் கண்ணில் தெரிவதற்கு முன்பே த்ராட்டிலை அரைச் சுண்டு நகர்த்தி, உடனே பாதி திருப்பி எடுத்து, இப்படி அரை மணி நேரம் போக வேண்டும். பறந்துகொண்டே டேங்கர் விமானத்தின் குழாய் முனைக் கூடையிலிருந்து எரிபொருள் எடுப்பதும் இதே வித்தைதான். கூடையைத் துரத்துகிறவனுக்குக் கூடை சிக்காது. டேங்கரின் உடம்பைப் பார்த்து அதோடு ஃபார்மேஷனில் நிற்கிறவனுக்குக் கூடை தானாக வரும். அடுத்த வாரத்துக்குள் ஏதாவது ஒன்றைப் பழக நேரமிருந்தால், கணினியே ஓட்டும் ஏஐ டேங்கருக்குப் பக்கத்தில் போய் இருபது நிமிடம் சும்மா நில்லுங்கள். எரிபொருள் எடுக்கக்கூட வேண்டாம்.

சரி, லீட் ஆவது. உங்கள் நண்பரின் நான்கு மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு குழுவில் செக்‌ஷன் லீட் என்பது காலியிருந்த இடத்தை நிரப்பியதாக இருக்கும். இன்னொன்றில் தேர்வு வைத்துத் தருவதாக இருக்கும். அமெரிக்கக் கடற்படையில் இதற்கு நிலைகள் உண்டு. இரண்டாம் நிலை காம்பாட் விங்மேன், மூன்றாம் நிலை இரண்டு விமானங்களை நடத்தும் செக்‌ஷன் லீட், நான்காம் நிலை நான்கு விமானங்களை நடத்தும் டிவிஷன் லீட். ஐந்தாம் நிலை டாப்கன் (கடற்படையின் வான்போர்ப் பள்ளி) படித்துவிட்டு வந்த ஆசிரியர். ஒழுங்கான விர்ச்சுவல் குழுக்கள் இதைத்தான் சுருக்கி வைத்துக்கொள்கின்றன. உங்களுடையது எப்படி என்று பேசும்போதே கேளுங்கள். எழுத்தில் பாடத்திட்டம் இருந்தால் நல்ல அறிகுறி.

விங்மேனிலிருந்து லீடுக்குப் போகிறவரிடம் பயிற்சி அதிகாரி பார்ப்பது என்ன தெரியுமா? மனத்தில் மிச்சம் இருக்கிறதா என்று. ஃபார்மேஷனில் நிற்பதற்கே முழுக் கவனமும் போய்விடுகிற ஆளால் இன்னொருவரின் எரிபொருளையும் நேரத்தையும் சேர்த்து யோசிக்க முடியாது. லீடரின் ஜோக்கர் எரிபொருள் அளவை (பிங்கோவுக்குச் சற்று முன்பே எச்சரிக்கும் அளவை) அவர் சொல்லாமலே ஞாபகம் வைத்திருக்கிறீர்களா, அடுத்த வே பாயின்ட்டுக்கு (பாதையில் குறித்த இடத்துக்கு) எத்தனை நிமிடம் என்று கேட்டால் உடனே வருகிறதா, லீடரின் ரேடியோ போனால் அந்த இடத்திலிருந்து நீங்கள் நடத்தி முடிப்பீர்களா. விங்மேனாகப் பறக்கும் ஒவ்வொரு மிஷனுக்கும், நீங்களே லீடாக இருந்தால் எப்படி பிரீஃப் (பறக்கும் முன் தரும் விளக்கம்) செய்வீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். பிறகு லீடர் செய்த பிரீஃபோடு ஒப்பிடுங்கள். வெறும் பறக்கும் மணி நேரங்களைவிட இது சீக்கிரம் பலன் தரும் என்பது என் கணிப்பு.

டீபிரீஃப் (பறந்த பின் நடக்கும் அலசல்) முடியும் முன் கழன்றுகொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம். வியட்நாம் வான்போரில் கடற்படைக்கு விழுந்த அடியை ஆராய்ந்த ஆல்ட் அறிக்கையைத் தொடர்ந்து 1969இல் மிராமரில் டாப்கன் தொடங்கப்பட்டது. அங்கே வளர்ந்த பழக்கங்களில் முக்கியமானது பறந்ததைவிட நீளமான டீபிரீஃப். உங்களுக்கு டாக்வியூ என்ற பதிவு மென்பொருள் இருக்கிறது. மொத்தப் பறப்பையும் மேலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். "இணையம் லேக் அடித்தது" என்று தொடங்காதீர்கள். அடித்திருக்கலாம். "முப்பத்திரண்டாவது நிமிடத்தில் லீடரைக் கண்பார்வையில் இழந்தேன், சொல்லாமல் பத்து நொடி தேடினேன்" என்று தானாகச் சொல்கிற ஆளைத்தான் அடுத்த தடவை கூடவே கூட்டிப்போகத் தோன்றும். அப்படிப்பட்டவர்தான் லீட் ஆகிறார்.

மேலே போக வேறு வழிகளும் இருக்கின்றன. பலர் இதைக் கவனிப்பதில்லை. எல்எஸ்ஓ ஆகக் கற்றுக்கொள்ளலாம். மார்ஷலாக உட்காரலாம், மிஷன் எடிட்டரில் மிஷன் எழுதலாம். வாரா வாரம் மிஷன் எழுதுகிற ஒருவர் கிடைத்தால் ஸ்குவாட்ரனில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். குழந்தைகள் உள்ள உங்களுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் மிஷன் எழுதுவதை உங்களுக்குத் தோதான நேரத்தில் செய்யலாம். படிக்க வேண்டுமென்றால், கடற்படை விமானப் பயிற்சிப் பிரிவான சிஎன்ஏடிஆர்ஏ தன் மாணவர்களுக்கான டி-45 பயிற்சி விமானப் பாட நூல்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. கேரியர் முறைகளை அவற்றைவிடத் தெளிவாக எந்த வீடியோவும் சொல்லி நான் பார்த்ததில்லை.

வேலையும் வீடும் சரிப்படுமா என்றால், வாரத்தில் ஒரு இரவு மூன்று மணி நேரம், அதற்கு முன் நடைமுறைகளைப் புரட்டிப் பார்க்க ஒரு மணி நேரம். இவ்வளவு முடிந்தால் சரிப்படும். இதற்கு மேல் கட்டாயம் என்கிற குழுவை விட்டுவிட்டு வேறு பாருங்கள். எந்த நாள் என்பதை வீட்டில் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வர முடியாத வாரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. நடுவில் குழந்தை அழுதால் போய்த்தான் ஆக வேண்டும், அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் ஹெட்செட்டைக் கழற்றும் முன் ஒரே ஒரு தடவை பொத்தானை அழுத்தி, "டூ, ஆர்டிபி" (இரண்டாம் விமானம், தளம் திரும்புகிறேன்) என்று சொல்லிவிட்டு, ஃபார்மேஷனிலிருந்து விலகிய பிறகே எழுந்திருங்கள். லீடர் உங்களைத் தேடிக்கொண்டு பின்னால் திரும்பக் கூடாது.