கட்டணம் முன்னால் வரும், உதவித்தொகை பின்னால் வரும்: மாற்றுத்திறனாளி மகளின் கல்லூரிச் செலவுக்கு எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, சான்றிதழில் 58 சதவீதம். காது மெஷின் போட்டிருக்கிறாள், நன்றாகப் பேசுவாள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் 2 முடித்திருக்கிறாள். இன்ஜினீயரிங் சேர ஆசை. கணவருக்கு டீக்கடை, ஆண்டு வருமானம் 1,92,000 ரூபாய் என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். மகன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஓசூரில் வேலை பார்க்கிறான், சம்பளம் 26,000. மாதம் 4,000 தங்கைக்குத் தருவதாகச் சொல்கிறான். கையில் 65,000 ரூபாயும் 6 சவரன் நகையும் உண்டு. ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 1,20,000 கல்விக் கட்டணம் கேட்கிறார்கள். 30,000 முன்பணம் கட்டினால் இடம் உறுதியாம். மகன் பர்சனல் லோன் எடுக்கிறேன் என்கிறான். என்ன செய்வது? அரசு உதவி எதுவும் கிடைக்குமா?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அந்த 30,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். உங்கள் மகளுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவி உதவித்தொகை அல்ல, கலந்தாய்வில் கிடைக்கும் இடம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 32-வது பிரிவின்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் இந்தச் சிறப்புப் பிரிவுக்குப் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே கலந்தாய்வு நடக்கும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் தனியார் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். நான்கு ஆண்டுக் கணக்கில் எந்த உதவித்தொகையும் இந்தச் சேமிப்புக்கு ஈடாகாது.

அவசரப்பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இன்னொன்றும் கைநழுவும். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகைக்கு மகள் தகுதியானவள். அது கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டும்தான். மகன் படித்தது ஐ.டி.ஐ. என்பதால் தடையில்லை. இதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து தாசில்தாரிடமிருந்து பெற வேண்டும். கலந்தாய்வுக்கு முன்பே கையில் இருக்கட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மட்டும் உங்களுக்குப் பொருந்தாது, அது அரசு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை.

அடுத்தது அடையாள அட்டை. பள்ளிக் காலத்தில் மாவட்ட அலுவலகம் கொடுத்த பழைய புத்தகம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று மத்திய அரசின் எந்த உதவிக்கும் யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள எண் கேட்கிறார்கள். மகளிடம் அந்த அட்டை இல்லையென்றால் இன்றே ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், பதிவு எண்ணாவது கையில் இருக்கும். இருக்கிறதென்றால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, சான்றிதழ் நிரந்தரமா, தற்காலிகமா? சிறு வயதில் எடுத்த சான்றிதழ்களில் செல்லுபடியாகும் தேதி போட்டிருப்பார்கள். அது முடிந்திருந்தால் அரசு மருத்துவமனையில் புதிய ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை அறிக்கை) எடுத்து மறு மதிப்பீடு செய்ய வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். கலந்தாய்வின்போது மருத்துவக் குழு மறுபடி பார்க்கும் என்பதால் பழைய ஆடியோகிராம்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டாவது, பெயர். நம் ஊரில் விண்ணப்பங்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், யு.டி.ஐ.டி.யில் இனிஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருந்தால், கணினி மூவரையும் மூன்று ஆட்களாகத்தான் பார்க்கும். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது கடினம், ஆதாரையும் யு.டி.ஐ.டி.யையும் அதற்கேற்பத் திருத்துங்கள்.

இனி உதவித்தொகை. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். பார்ப்பது பெற்றோர் வருமானத்தை, மகன் சம்பளத்தை அல்ல. பொறியியல் போன்ற முதல் பிரிவுப் படிப்புகளில் விடுதி மாணவருக்கு மாதம் 1,600, வீட்டிலிருந்து போய் வருபவருக்கு 750. புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,500. செவித்திறன் குறைபாட்டுக்கு ஆண்டுக்கு 2,000 தனி. இவற்றுக்கு மேல், கல்லூரிக்குக் கட்டிய, திரும்பக் கிடைக்காத கட்டாயக் கட்டணங்களை ஆண்டுக்கு 1,50,000 வரை திருப்பித் தருவார்கள். கல்வி, நூலகம், தேர்வு போன்ற கட்டணங்கள் இதில் வரும். காப்புத் தொகை வராது, அது திரும்பி வரக்கூடிய பணம் என்பதால். விடுதிச் சாப்பாட்டுக்குத் தனியாகத் தர மாட்டார்கள், அதற்காகத்தான் மாதம் 1,600. எனவே ரசீதுகளைத் தலைப்பு வாரியாகப் பிரித்து வாங்குங்கள். “மொத்தக் கட்டணம்” என்று ஒரே வரியில் எழுதிய ரசீதால் பயன் குறைவு.

ஆனால் இந்தப் பணத்தை வரவுக் கணக்கில் இப்போதே எழுதிவிடாதீர்கள். இந்தத் திட்டத்துக்கு நாடு முழுவதற்கும் ஒதுக்கப்பட்டவை சுமார் 17,000 இடங்கள்தான். தகுதி இருந்தும் பட்டியலில் வராமல் போகலாம். வந்தாலும் கட்டணம் கட்டிப் பல மாதங்கள் கழித்துத்தான் வரும். இதை நம்பிக் கைமாற்று வாங்கி, பணம் வராமல் வட்டிக்கு வட்டி கட்டும் குடும்பங்களை நினைத்துத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில். கட்டணம் கிடையாது, யாராவது “முடித்துத் தருகிறேன்” என்று பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால் கொடுக்காதீர்கள். முதலில் ஒருமுறைப் பதிவு, அதில் ஆதார் முக அடையாளச் சரிபார்ப்பு உண்டு. பிறகு விண்ணப்பம் கல்லூரியின் பொறுப்பு அலுவலருக்குப் போகும். அவர் சரிபார்த்தால்தான் மேலே நகரும். இங்கேதான் நிறைய விண்ணப்பங்கள் தூங்கிவிடுகின்றன. அனுப்பிய வாரத்திலேயே மகள் நேரில் போய், விண்ணப்ப எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லட்டும். “குறைபாடு” என்று திருப்பி அனுப்பியிருந்தால் கடைசித் தேதிக்குள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும்; எனவே வாரம் ஒருமுறை நிலையைப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

பணம் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்கே போகும். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண் எழுதினாலும், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் விழும். பள்ளியில் தொடங்கிக் கொடுத்த கணக்கு மைனர் கணக்காக இருந்தால், 18 வயது முடிந்ததும் கையெழுத்து, கே.ஒய்.சி. கொடுத்து மாற்றாவிட்டால் முடங்கிவிடும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை.

மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் தனியே கல்வி உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய உதவித்தொகை பெறுபவர் வேறு உதவித்தொகை சேர்த்து வாங்கக் கூடாது என்பது விதி. எனவே இரண்டுக்கும் விண்ணப்பித்து, மத்திய உதவி உறுதியானால் மற்றதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சத்தமில்லாமல் வாங்கினால் பின்னால் திருப்பிக் கட்ட வேண்டி வரும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2022 செப்டம்பர் 5-இல் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கி, 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். 6 முதல் 12 வரை அப்படிப் படித்திருந்தால் மகளுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தரப்படும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. ஆனாலும் மத்திய விண்ணப்பத்தின் உறுதிமொழியில் இதை மறைக்க வேண்டாம். மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. அரசுக் கல்லூரி கிடைக்காமல், கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரி என்றே வைத்துக்கொள்வோம். கல்விக் கட்டணம் 55,000, மற்றக் கட்டணங்கள் 15,000, விடுதியும் சாப்பாடும் 75,000, காதுக் கருவிச் செலவு 10,000. ஆண்டுக்கு 1,55,000. மகன் தருவது 48,000, புதுமைப் பெண் 12,000. குறைவது 95,000. முதல் ஆண்டில் கையிருப்பிலிருந்து 40,000 எடுங்கள். மீதி 25,000-ஐத் தொடாதீர்கள், கருவி பழுதானால் அதுதான் கைகொடுக்கும். ஆக முதல் ஆண்டுக்கு 55,000, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் தலா 95,000: மொத்தம் 3,40,000 கடன் தேவை. முதல் தலைமுறைச் சலுகை கிடைத்தால் இதுவே குறையும்.

இந்தக் கடனை மகன் பெயரில் பர்சனல் லோனாக எடுக்க வேண்டாம். அதில் தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும். கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. 4 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், கைப்பணமும் போட வேண்டாம்; மகள் பெயரில், கணவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். பெற்றோர் வருமானம் 4,50,000-க்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் (NAAC) தர அங்கீகாரமோ படிப்புக்கு என்.பி.ஏ. (NBA) தர அங்கீகாரமோ இருந்தால், படிப்புக் காலமும் அடுத்த ஓராண்டும் சேர்ந்த காலத்துக்கான வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. அதனால் கலந்தாய்வில் கல்லூரி தேர்ந்தெடுக்கும்போதே அங்கீகாரத்தைப் பாருங்கள். சேர்ந்த பிறகு மாற்ற முடியாது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, வட்டி மானியத்துக்கான வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வட்டி மானியம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டு, நான்காம் ஆண்டில் வட்டி ஏறியிருப்பதைப் பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு.

நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அனுமதி வாங்கி, அந்தந்த ஆண்டுக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். லேப்டாப்பையும் கடன் மதிப்பீட்டில் சேர்க்கலாம். உதவித்தொகை வந்துவிட்டால், கட்டணம் 70,000, விடுதிப்படி 10 மாதத்துக்கு 16,000, புத்தகமும் தனிப்படியும் 3,500 என்று 89,500 ஆகிறது. அதைச் செலவழிக்காமல் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு வைத்தால் அந்த ஆண்டு 5,500 ரூபாய்க்கு மட்டும் கடன் எடுத்தால் போதும். நகையை விற்க வேண்டாம். கடன் அனுமதி தாமதமானால் ஒரு சவரன், இரண்டு சவரனை வங்கியில் அடகு வைத்து, கடன் வந்ததும் மீட்டுவிடுங்கள்.

வரிச் சலுகை பற்றி ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளி உறவினரைப் பராமரிப்பவருக்கு வருமான வரியில் கழிவு உண்டு என்று மகனிடம் யாராவது சொல்லியிருக்கலாம். 26,000 சம்பளத்துக்கு வரியே வராது. அதற்காக அலைய வேண்டாம்.

காதுக் கருவிச் செலவைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பேட்டரி 10 நாள் வந்தால் இரண்டு காதுக்கும் ஆண்டுக்கு 73 வேண்டும். ஆறு பேட்டரி கொண்ட அட்டை 13. விடுதியின் ஈரப்பதத்தில் கருவி சீக்கிரம் கெடும், எனவே உலர்த்தும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் முதல் நாளே பெட்டியில் போகட்டும். காதுக்குள் வைக்கும் மோல்டின் குழாய் விறைத்துப்போனால் சத்தம் குறையும், கருவியே கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடாதீர்கள். புதுக் கருவி தேவைப்பட்டால் உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் மாத வருமானம் 22,500-க்குள் இருப்பவர்களுக்கு இலவசம். கடந்த மூன்று ஆண்டுகளில் அதே உதவி வாங்கியிருக்கக் கூடாது. ரயில் கட்டணச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். செவித்திறனும் பேச்சுத்திறனும் இரண்டும் இல்லாதவர்களுக்கே ரயில்வே தருகிறது, உங்கள் மகள் பேசுகிறாள்.

பணம் செலவழிக்காமல் கிடைக்கும் உதவிகளைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும். முதல்வருக்கு யு.டி.ஐ.டி. நகலுடன் ஒரு கடிதம்: முன்வரிசை இருக்கை, பாடக்குறிப்புகள் முன்கூட்டியே, பேராசிரியர் பலகையைப் பார்த்துப் பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசுவது, வாய்மொழித் தேர்வில் கேள்வியை எழுதிக் காட்டுவது. எழுதுவதில் சிரமம் இருந்தால் தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தரும் விதிமுறை 2018-இலிருந்து உண்டு. மருத்துவச் சான்றுடன், தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே முதல்வர் வழியாகக் கேட்க வேண்டும். தேர்வு அறையில் கேட்டால் கிடைக்காது. கடிதத்தின் நகலில் கல்லூரி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கேட்டால், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். உதவித்தொகைக்கும் கடனுக்கும் அவை அடிக்கடி தேவைப்படும்.