சுட்டதா, ஊறியதா? திரை ஆர்கெஸ்ட்ரா இசை: வாசகர் கேள்வி பதில்

'ஸ்டார் வார்ஸ்' முகப்பு இசை, 1942இல் வந்த 'கிங்ஸ் ரோ' பட இசையின் காப்பி என்று இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். ஜான் வில்லியம்ஸ் சுட்டாரா, இல்லையா? (வாசகர், மதுரை)

அப்படி ஓடவிடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் சில வினாடிகளோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த அளவுக்கு ஒற்றுமை உண்மைதான். இரண்டிலும் டிரம்பெட்டும் ஹார்னும் முழங்குகின்றன, மூன்று மூன்றாக ஓடும் சிறு ஸ்வரக் கூட்டம் வருகிறது, மெட்டு மேல்நோக்கித் தாவுகிறது.

இனி வில்லியம்ஸின் மெட்டை முழுதாகப் பாடிப் பாருங்கள். சங்கராபரண ஸ்வரங்கள்தான்: கீழ்ஸ்தாயியில் 'பபப' என்று எடுத்து, 'ச... ப...', பிறகு 'மகரி', அங்கிருந்து ஒரே தாவலில் மேல் சட்ஜம், மறுபடி 'ப'. 'மகரி, மேல் ச, ப' இன்னொரு முறை வருகிறது. மூன்றாம் முறை தாவல் கிடையாது. 'மகம ரி' என்று வளைந்து உட்கார்ந்துவிடுகிறது. ரிஷபத்திலிருந்து மேல் சட்ஜத்துக்குப் போகும் அந்தப் பெரிய தாவலும், இரண்டு முறை கொடுத்துவிட்டு மூன்றாம் முறை மறுப்பதும்தான் மெட்டின் உயிர். ஆகவே நான் இதைக் காப்பி என்று சொல்ல மாட்டேன், ஒரே குடும்பம் என்பேன்.

அந்தக் குடும்பம் எது என்பதிலும் மர்மம் இல்லை. 'கிங்ஸ் ரோ'வுக்கு இசையமைத்த எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்ட் 1897இல் பிறந்து வியன்னாவில் வளர்ந்தவர், இருபத்து மூன்று வயதில் பெரிய ஆப்பரா ஒன்றை மேடையேற்றியவர், 1934இல் ஹாலிவுட் வந்தவர். வாக்னர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் வழி வந்த ஆர்கெஸ்ட்ரா மொழியைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் மாக்ஸ் ஸ்டைனரும் முக்கியமானவர்கள். 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்கு வேண்டியிருந்தது அந்தப் பழைய சாகசப் பட ஓசைதான். கேட்டு வாங்கியதையே கொடுத்ததற்காக வில்லியம்ஸைக் குறை சொல்வது சரியில்லை.

ஆனால் அதே படத்தில் எனக்கு உறுத்தும் இடங்கள் இரண்டு உண்டு. முகப்பு இசை முடிந்து பெரிய கப்பல் வரும்போது அறையும் கார்டுகள் (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பவை), ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'கிரகங்கள்' தொகுப்பில் வரும் 'மார்ஸ்' பகுதியின் முடிவுக்கு மிக அருகில் நிற்கின்றன. பாலைவனக் காட்சியின் இசை, ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' இரண்டாம் பாகத் தொடக்கத்தை ஒட்டியே நடக்கிறது. 'காப்பி' என்று வாதாட விரும்புகிறவர்கள் முகப்பு மெட்டை விட்டுவிட்டு இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பெரிய இசையமைப்பாளர்களுக்கு ஏன் இந்த நிலை? சொந்தமாக எழுதத் தெரியாதா என்ன? (வாசகி, கோயம்புத்தூர்)

தெரியும். குறுக்கே நிற்பது டெம்ப் டிராக். இசை தயாராகும் முன்பே படத்தொகுப்பு மேசையில் வேறு ஏதாவது இசையைப் போட்டு வெட்டுகிறார்கள். வெட்டுகள் அந்த இசையின் பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) ஏற்ப விழுகின்றன. இயக்குநர் அதையே மாதக்கணக்கில் கேட்கிறார். இசையமைப்பாளர் உள்ளே வரும்போது காட்சி ஏற்கெனவே இன்னொருவரின் தாளத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.

இதன் உச்சம் 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. அலெக்ஸ் நார்த் எழுதிப் பதிவும் செய்த இசையை ஸ்டான்லி குப்ரிக் ஒதுக்கிவிட்டு, ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், யோஹான் ஸ்ட்ராஸ், லிகெட்டி, கச்சடூரியன் ஆகியோரின் இசையையே படத்தில் வைத்துக்கொண்டார். தம் இசை இல்லை என்பது நார்த்துக்குப் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மற்றொரு முனையில் 1983இல் வந்த 'தி ரைட் ஸ்டஃப்'. பில் கான்டியின் இசை சில இடங்களில் சைகோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோவையும் (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஹோல்ஸ்டையும் நெருங்கி நடக்கிறது. அதற்குத்தான் ஆஸ்கரும் கிடைத்தது. அந்தத் தேர்வு எனக்கு இன்றும் ஏற்புடையதில்லை.

'ஜாஸ்' படத்தின் சுறா இசை வெறும் இரண்டு ஸ்வரம். அதையும் ட்வோர்ஷாக்கிடமிருந்து எடுத்தது என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

ட்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியும் அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்கள் மாறிமாறி வந்து வேகமெடுப்பதாகத்தான் தொடங்குகிறது. இரண்டிலும் உள்ளது சட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையிலான அரை ஸ்வர இடைவெளி. அது யாருக்கும் சொந்தமில்லை. ட்வோர்ஷாக் அதை ஓரிரு வரியில் கடந்து பெரிய மெட்டுக்குப் போய்விடுகிறார். வில்லியம்ஸ் அங்கேயே நிற்கிறார். செலோவிலும் டபுள் பாஸிலும் அடித்தொண்டையில் வைத்து, நடுவே மௌனம் விட்டு, சுறா நெருங்க நெருங்க மௌனத்தைக் குறைக்கிறார். மூலப்பொருள் ஒன்று, வேலை வேறு.

பேய்ப் படங்களில் அடிக்கடி ஒரே நான்கு ஸ்வரம் கேட்கிறது. என் பிரமையா? (வாசகி, தஞ்சாவூர்)

பிரமை இல்லை. 'க ரி க ச' என்று, சாதாரண காந்தாரமும் சதுஸ்ருதி ரிஷபமும் வைத்துப் பாடிப் பாருங்கள். இதுதான் 'டியெஸ் இரே', கத்தோலிக்க இறந்தோர் பூசையில் பாடப்பட்ட இடைக்காலப் பாடலின் தொடக்கம். பெர்லியோஸ் 1830இல் தம் சிம்பொனியில் கையாண்டார், ராக்மானினோஃப் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுத்தார், 1980இல் 'தி ஷைனிங்' படத்தின் முதல் காட்சியில் சின்தசைசரில் ஒலித்தது. கேட்பவருக்கு அடையாளம் தெரியட்டும் என்றே வைக்கப்படும் மேற்கோள் இது. இங்கே திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

குறும்படம் ஒன்றுக்கு இசையமைக்கிறேன். போர்க்காட்சிக்கு ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' இசையைப் போட்டு வெட்டிவிட்டு, "இதே மாதிரி வேண்டும்" என்கிறார் இயக்குநர். மெட்டை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் 'மார்ஸ்' போலவே இருக்கிறது. (வாசகர், சென்னை)

'மார்ஸ்' கேட்டவர் மனத்தில் தங்குவது மெட்டு இல்லை. அதனால்தான் மெட்டை மாற்றியும் பயனில்லை. தங்குவது ஐந்து அட்சரத் துடிப்பு: முதல் அட்சரத்தில் 'தகிட', அடுத்து 'தா', 'தா', நான்காவதில் 'தக', ஐந்தாவதில் 'தா'. இதை வயலின் குடும்பம் வில்லின் மரப்பக்கத்தால் தந்தியில் தட்டுகிறது, டிம்பனியும் ஹார்ப்பும் சேர்கின்றன. பெரும்பகுதி ஒரே ஸ்வரத்தில். அதன் மேல் கனத்த பித்தளை வாத்தியங்கள் மெதுவாக எழுகின்றன. தாளமும் ஓசை நிறமும்தான் இதன் முகம். நீங்கள் தொட வேண்டியவை அவையே.

முதலில் இயக்குநரிடம் உட்கார்ந்து, அவருக்குப் பிடித்தது எது என்று பிரித்துக் கேளுங்கள். ஐந்தில் வரும் நொண்டல் நடையா, விடாமல் அடிப்பதா, தாழ்ந்த பித்தளை ஓசையா? பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் கைவிடுங்கள்.

அடுத்து, டெம்ப் டிராக்கை ஒருமுறை கேட்டு, எந்த வினாடியில் இசை கனக்கிறது, எங்கே மெலிகிறது, எங்கே உச்சம் என்று மட்டும் தாளில் குறியுங்கள். ஸ்வரம் எதையும் எழுத வேண்டாம். பிறகு அந்த டிராக்கை ப்ராஜெக்டிலிருந்தே நீக்கிவிடுங்கள். மியூட் செய்து வைத்தால் கை தானாகத் திறந்துவிடும்.

டெம்போவைப் படத்திலிருந்து எடுங்கள். உங்கள் முக்கிய வெட்டு 10ஆம் வினாடியில் விழுகிறது என்று வைப்போம். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 96 பி.பி.எம். (நிமிடத்துக்கு 96 அட்சரம்) என்றால் ஒரு அட்சரம் சரியாக 15 ஃபிரேம். 10 வினாடிக்கு 16 அட்சரம், நான்கு அட்சர பார்கள் நான்கு. 90 பி.பி.எம். என்றால் அட்சரத்துக்கு 16 ஃபிரேம்; 10 வினாடிக்கு 15 அட்சரம், அதாவது ஐந்து அட்சர பார்கள் மூன்று. நொண்டல் நடை கட்டாயம் வேண்டும் என்றால் ஏழுக்குப் போகலாம். 'தகிட தகதிமி' நம் காதுக்குப் பழகியது, ஹோல்ஸ்டின் சாயலும் இல்லை. அப்போது வெட்டு பாரின் நடுவே விழும். அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒரு பாரை நீட்டியோ குறுக்கியோ சரிக்கட்டுங்கள்.

துடிப்பை வாசிக்கும் வாத்தியத்தையும் மாற்றுங்கள். வில்லின் மரப்பக்கத்தை விட்டுவிட்டு, வயோலாவை விரலால் மீட்டச் செய்து பசூனையும் தாழ்ந்த கிளாரினெட்டையும் சேர்த்தால் அதே அச்சம் வேறு நிறத்தில் வரும்.

பித்தளையில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஓசை கனக்க வேண்டும் என்று மூன்று சாம்பிள் லைப்ரரிகளின் (முன்பே பதிவு செய்த வாத்திய ஓசைத் தொகுப்புகளின்) ஹார்னை அடுக்குவார்கள். ஒவ்வொன்றும் நான்கு ஹார்ன் சேர்ந்து வாசித்த பதிவு என்றால், உங்கள் கார்டின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பன்னிரண்டு பேர் வாசிக்கிறார்கள். விளைவு கலங்கல். அதோடு, நடு 'சி'க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள 'சி'யைத் தாண்டிக் கார்டின் மூன்றாம் ஸ்வரத்தை இறக்காதீர்கள். அடியில் டியூபாவுக்கு மூலஸ்வரம், அதற்கு மேல் டிராம்போனில் ஸ்தாயியும் ஐந்தாவதும், மூன்றாம் ஸ்வரமான காந்தாரம் ஹார்னில் மேலே. இப்படி வைத்தால் குறைந்த வாத்தியத்திலேயே கனம் கிடைக்கும்.

முடித்தபின் மூன்று சோதனை. 'மார்ஸ்' தெரிந்த ஒருவர் முன்னால் உங்கள் துடிப்பை மேசையில் தட்டிக் காட்டுங்கள். மெட்டைப் பியானோவில் பாதி வேகத்தில் வாசியுங்கள். கார்டுகளை மட்டும் வாசியுங்கள். எதைக் கேட்டு அவர் ஹோல்ஸ்ட் பெயரைச் சொல்கிறாரோ அதை மட்டும் திரும்ப எழுதுங்கள்.

இதில் அலட்சியம் வேண்டாம். 2000இல் வந்த 'கிளேடியேட்டர்' படத்தின் போர் இசை 'மார்ஸ்' போல இருக்கிறது என்று 2006இல் ஹோல்ஸ்ட் அறக்கட்டளை ஹான்ஸ் சிம்மர் மீது வழக்கே தொடுத்தது.

ஏழு வினாடிக்குள், அல்லது எட்டு பாருக்குள் எடுத்தால் உரிமைப் பிரச்சினை வராது என்கிறார்களே? (வாசகர், சேலம்)

அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. அடையாளம் தெரியும் அளவுக்கு எடுத்தால் மூன்று வினாடியும் பிரச்சினைதான்.

பார்க்க வேண்டியது இசையமைப்பாளர் இறந்த ஆண்டு. இந்தியாவில் அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு, ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் 70. அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்ற கணக்கு. ஹோல்ஸ்ட் இறந்தது 1934. பிரிட்டனில் 2004 முடிவோடு உரிமை தீர்ந்தது. 'கிளேடியேட்டர்' வந்தபோது அது உயிரோடு இருந்தது என்பதைக் கவனியுங்கள். 1957இல் இறந்த சிபேலியுஸ் இந்தியாவில் 2017 முடிவோடு பொதுச்சொத்து, ஐரோப்பாவில் 2027 முடிவு வரை இல்லை. ஸ்ட்ராவின்ஸ்கி 1971இல் இறந்ததால் இந்தியாவில் 2031 முடிவு வரை உரிமை உண்டு. எல்லோரும் இலவசம் என்று நினைத்துப் போடும் கார்ல் ஓர்ஃபின் 'ஓ ஃபோர்ச்சூனா'வின் வரிகள்தான் இடைக்காலத்தவை, இசை 1937இல் மேடையேறியது. ஓர்ஃப் இறந்தது 1982, ஆகவே இங்கே 2042 முடிவு வரை காத்திருக்க வேண்டும். இணையத்தில் ஏற்றினால் படம் எல்லா நாட்டிலும் ஓடும் என்பதால் நீளமான கணக்கையே பின்பற்றுங்கள்.

இசையின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு. பீத்தோவன் பொதுச்சொத்து, ஆனால் 1985இல் வெளியான பீத்தோவன் பதிவுக்கு இந்தியாவில் 2045 முடிவு வரை உரிமை உண்டு. யூடியூப் முதலில் பிடிப்பது பெரும்பாலும் பதிவைத்தான்.

தம் பழைய இசையையே ஒருவர் மீண்டும் எடுத்தால் அது தவறா? (வாசகி, திருநெல்வேலி)

ஆஸ்கர் அகாடமி தவறு என்றது. 'காட்ஃபாதர்' படத்துக்கு நீனோ ரோட்டா பெற்ற பரிந்துரை, காதல் மெட்டை அவரே 1958இல் 'ஃபோர்ச்சுனெல்லா' படத்தில் பயன்படுத்தியிருந்ததால் திரும்பப் பெறப்பட்டது. இரண்டாம் பாகத்தின் இசைக்குப் பிறகு விருது வந்தது. அந்த அளவுகோலை வைத்தால் பாக் தப்பமாட்டார். தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பு) முன்னிசையை அவரே 1731இல் ஆர்கனும் டிரம்பெட்டும் சேர்த்து ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். கோர்ன்கோல்ட் தம் படங்களின் மெட்டுகளைக் கொண்டே வயலின் கான்செர்ட்டோ கட்டினார். 1947இல் வயலின் கலைஞர் ஹைஃபெட்ஸ் அதை முதலில் வாசித்தார். பட இசையாக மட்டும் இருந்திருந்தால் அந்த மெட்டுகளை இன்று மேடையில் யார் வாசிப்பார்கள்?

நம்மவர்கள் மேற்கத்திய செவ்வியல் இசையை எடுத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? (வாசகர், திருச்சி)

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். சலில் சௌத்ரி 1961இல் 'சாயா' இந்திப் படத்தில் மோட்சார்ட்டின் நாற்பதாம் சிம்பொனித் தொடக்கத்தை, 'தபப தபப தபப' என்று தாவும் அந்த வரியை, அப்படியே பல்லவியாக வைத்தார். ஒளிக்கவில்லை. பாட்டு அங்கிருந்து தன் வழியில் போகிறது.

இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில், மேலே சொன்ன அதே பாக் முன்னிசை ஒலிக்கிறது. தொகுப்பையே தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்திருக்கிறார், அந்த உருப்படியின் தலைப்பிலும் பாக் பெயர் இருக்கிறது. முதலில் பாக்கின் தனி வயலின் வடிவத்தை இரண்டு மூன்று முறை கேளுங்கள். பிறகு இதைப் போட்டு, பாக்கின் வரி எங்கே நிற்கிறது, நம் பக்கத்து வயலின் எங்கே நுழைகிறது, இரண்டும் சேர்ந்து ஓடும்போது எது எதற்கு வழிவிடுகிறது என்று காதால் பின்தொடருங்கள்.