எட்டு நகல், ஒரு குரல் – கடிதம்

வணக்கம்.

ஜஸ்டின் வெர்னன் ‘போன் ஐவர்’ என்ற பெயரில் வெளியிட்ட ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’ ஆல்பத்தைக் கேட்டபிறகு, பிரிந்துபோன உறவைப் பற்றித் தமிழில் ஐந்து பாட்டு எழுதி வீட்டிலேயே பதிவு செய்தேன். எஸ்எம்57 மைக், ஒரு கிட்டார், அவ்வளவுதான். நண்பர்கள் ‘ஒரே புலம்பலா இருக்கு’ என்கிறார்கள். குரல் அடர்த்திக்காக ஒரே டேக்கை, அதாவது ஒருமுறை பாடிப் பதிந்ததை, எட்டு டிராக்கில் நகலெடுத்துச் சற்றுச் சற்றுத் தள்ளி வைத்தேன். தகர டப்பாவுக்குள் பாடியதுபோல் இருக்கிறது. மலையில் எங்காவது தனி வீடு பிடித்துப் போய்ப் பதிய வேண்டுமோ? வரிகளை இணைத்திருக்கிறேன்.

பா., திருப்பூர்

அன்புள்ள பா.,

மலைக்குப் போக வேண்டாம். வாடகை மிச்சம்.

2006 இறுதியில் ஜஸ்டின் வெர்னன் வட கரோலினாவை விட்டு, விஸ்கான்சினில் தன் அப்பாவின் வேட்டைக் குடிலுக்குப் போனார். குழு கலைந்திருந்தது, காதல் முறிந்திருந்தது, உடம்பும் படுத்தியிருந்தது. அங்கே பதிந்ததை அவரே முதலில் டெமோ என்றுதான் நினைத்தார். 2007இல் சொந்தமாக 500 சிடி போட்டார். 2008இல் ஜாக்ஜகுவார் இசை நிறுவனம் வெளியிட்டது. எல்லோரும் அந்தப் பனியையும் தனிமையையும் பேசுகிறார்கள். நமக்கு வேண்டியது அவருடைய வேலைமுறை.

அவர் மெட்டை முதலில் சொல்லற்ற ஒலிகளாகப் பாடி அடுக்கினார். பிறகு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த ஒலியில் காதுக்கு எந்தச் சொல் தட்டுப்பட்டதோ அதை எழுதினார். நம் சினிமாவில் தத்தகாரத்துக்குப் பாட்டெழுதுவது போலத்தான், ஆனால் அங்கே கவிஞர் கதைச்சூழலின் பொருளை மெட்டின் அளவில் பொருத்துவார். இவருக்குப் பொருளே ஒலியிலிருந்து வந்தது. அதனால்தான் பெரும்பாலான பாட்டுகளில் எதிராளியைக் கூண்டில் ஏற்றும் தொனி இல்லை. ‘ஸ்கின்னி லவ்’ மட்டும் கொஞ்சம் நேராகவே சண்டை போடும்.

உங்கள் வரிகளோ ‘நீ’ என்று தொடங்கிக் குற்றப்பட்டியல் வாசிக்கின்றன. தாளை மூடிவைத்துவிட்டு மெட்டை நெடில்களில் மட்டும் பாடிப் பதியுங்கள். ஃபால்செட்டோவில், அதாவது அவர் பாடும் அந்த மெல்லிய உச்சக் கள்ளக்குரலில், ஊ, ஓ எளிதாக வரும். ஈ பல குரல்களில் கிறீச்சிடும். சொல் வைக்கும்போது நீளும் சுரத்தில் நெடில் விழட்டும். குறிலை இழுத்தால் ‘விடு’ என்ற கெஞ்சல் ‘வீடு’ ஆகிவிடும். இரண்டாம் பாட்டில் உங்களுக்கு அதுதான் நடக்கப்போகிறது.

இனி தகர டப்பா. நகலெடுத்த எட்டும் ஒரே அலைவடிவம். இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் சத்தம் ஏறும், அவ்வளவே. ஒரு நகலை 10 மில்லிசெகண்ட் தள்ளினால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும், அந்த அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எட்டையும் வெவ்வேறு அளவில் தள்ளினால் எங்கெங்கும் பள்ளம். ஆகவே ஒவ்வொன்றையும் புதிதாகப் பாட வேண்டும். சுருதியிலும் நேரத்திலும் தானாக வரும் சின்னச் சின்ன விலகல்தான் அந்த அடர்த்தி. எட்டு எதற்கு, நான்கு போதும்: நடுவில் ஒன்று, 6 முதல் 8 டெசிபல் தாழ்த்தி இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வொன்று, ஒரு ஸ்தாயி கீழே சாதாரணக் குரலில் ஒன்று, இருப்பதே தெரியாத அளவுக்கு.

நான்கையும் ஒரே இடத்தில் நின்று பாடாதீர்கள். அறையின் குறையும், மைக்கை ஒட்டிப் பாடும்போது வரும் கனமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். முதல் டேக் 5 செ.மீ. தூரத்தில், மற்றவை 20, 30 செ.மீ. தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். எஸ்எம்57 மெல்லிய குரலுக்கு 55, 60 டெசிபல் கெய்ன் (ஒலிப்பெருக்கம்) கேட்கும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் மலிவானது என்றால் அங்கே இரையும். வரிகளுக்கு நடுவே இரைச்சலை வெட்டுங்கள், மூச்சை விட்டுவையுங்கள். மின்விசிறி அணைந்திருக்க வேண்டும். ஏப்ரலில் திருப்பூரில் அது பெரிய தியாகம்தான். ஃபால்செட்டோ டிராக்குகளில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரலே இல்லை, ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு எடுத்துவிடலாம்.

‘ட்’, ‘ச்’ போன்றவற்றை நடுக்குரல் மட்டும் அழுத்திச் சொல்லட்டும். நான்கும் சொன்னால் சிதறும். அடுக்கும்போது தொடர்ந்து பின்தங்கினால் தாளஞானத்தைச் சந்தேகிக்காதீர்கள்: 44.1 கிலோஹெர்ட்ஸில் கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 256 சாம்பிள் என்றால் உள்ளே வர ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட், வெளியே போக இன்னொரு 6. குரலைக் கணினிக்குப் போகாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டரிங் பொத்தானை இன்டர்ஃபேஸில் போடுங்கள்.

கிட்டாரிலும் அந்த ஒலி வேண்டுமென்றால், ‘ஸ்கின்னி லவ்’ சுருதி, தடித்த தந்தியிலிருந்து: சி, ஜி, இ, ஜி, சி, சி. ஆறாம் தந்தி நான்கு அரைச்சுரம் இறங்குவதால் தொய்ந்து ஃப்ரெட்டில் தட்டும். அதை மட்டும் ஒரு கேஜ் (தந்தியின் பருமன் அளவு) தடிமனாக மாற்றுங்கள். நான்காம் தந்தி ஏறுகிறது. பழசாக இருந்தால் அறும்.

ஐந்து பாட்டையும் அடுக்க வேண்டாம். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘ரீ: ஸ்டாக்ஸ்’ ஏறக்குறைய ஒரு கிட்டார், ஒரு குரல்தான். உங்கள் நான்காம் பாட்டு அதைத் தாங்கும், அதில்தான் குற்றச்சாட்டு குறைவு. ஒரே டேக்கில் பாடுங்கள். நடுவில் தவறினால் ஒட்டுப்போடாமல் முதலிலிருந்து.